தகவலாளர் எண் பதினான்கு

ஆமாம், குழந்தைத் தொப்பிதான். மானாமதுரை தாண்டி, இந்தப் பன்னிரண்டு மணி வெயிலில், ஒருத்தி மடியில் கம்பளித் தொப்பியை வைத்துக்கொண்டு ராமேஸ்வரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். நீங்கள் மதுரையிலிருந்து கேட்காமல் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். அது உங்கள் மரியாதை. ஆனால் அப்படிப் பாவமாகப் பார்க்க வேண்டாம் அம்மா. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. இது என் அண்ணிக்காக வாங்கியது. இல்லை, அண்ணிக்கும் குழந்தை இல்லை. அதுதான் விஷயமே.

ராமநாதபுரம் வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். என் அம்மாவிலிருந்து ஹாஸ்டல் தோழி வரை எல்லாரும் என்னைத்தான் தப்பு என்கிறார்கள். என்ன தப்பு, எந்த இடத்தில் தப்பு என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் சொல்ல வரவில்லை. 'உனக்கு மனசே இல்லையா' என்கிறார்கள். வாதத்தில் தோற்றவர்கள் கடைசியாக வந்து நிற்கிற இடம் அது. கவனித்திருக்கிறீர்களா.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். குழந்தை வேண்டி யாத்திரை போகும் பெண்கள், அதுதான் தலைப்பு. முன் சீட்டில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறாளே உங்கள் மருமகள், அவளை நீங்கள் அழைத்துக்கொண்டு போகிறீர்களே, அந்த மாதிரி. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைச் சொல்லவில்லை. அமைப்பைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஊர் சிவகாசி. அண்ணன் காளிராஜ் காலண்டர் அச்சகம் வைத்திருக்கிறான். அண்ணி பெயர் மாரீஸ்வரி. கல்யாணமாகி ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் என் அம்மா அவர்களைப் படுத்தியதை எழுதினால் அதுவே ஒரு ஆய்வேடு. வெறும் வயிற்றில் மலைவேம்புச் சாறு. அம்மன் கோவிலில் மண்சோறு. சொந்தக்காரர் வளைகாப்பு என்றால் அண்ணி பந்திக்குப் பின்னால் பாத்திரம் எடுத்து வைக்கிற இடத்தில் நிற்க வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டிருக்கிறேன். அண்ணி ஒரு தடவைகூடப் போட்டதில்லை. சிரித்துக்கொண்டே மலைவேம்பைக் குடிப்பார்கள். எனக்கு அம்மா மேல் இருந்த கோபத்தைவிட அந்தச் சிரிப்பின் மேல்தான் கோபம்.

நல்லவர்கள்தான். இல்லையென்று சொல்லவில்லை. எனக்கு நாலு வருஷமாக வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்து, 'அவ படிக்கட்டும் அத்தை, படிக்கிற பிள்ள' என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அண்ணிதான். அது வேறு விஷயம்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்து காலண்டர் வேலை ஓய்ந்ததும், அண்ணன் ஒரு வேன் பேசினான். ஐந்து நாள். மதுரை, ராமேஸ்வரம், பழனி, கடைசியில் கொடைக்கானல். அம்மா, பெரியம்மா, அண்ணன், அண்ணி, நான். ராமேஸ்வரத்தில் நாகப் பிரதிஷ்டை செய்து தோஷம் கழிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. கொடைக்கானல் எதற்கு என்றால், பெரியம்மா சாவதற்குள் மேகத்தைக் கையால் தொட வேண்டுமாம். நான் களப்பணிக்காகப் போனேன். வீட்டு வேனிலேயே களம் கிடைக்கும்போது விடுவேனா.

மதுரையில் நாயக்கர் மஹாலில் இறங்கினோம். பெரியம்மா ஒரு தூணைக் கட்டிப் பிடிக்கப் பார்த்து, கை எட்டாமல், "ஏ பாரதி, இம்புட்டுப் பெரிய தூணு வச்சுக் கட்டியிருக்கானே, இந்த வீட்ல எத்தன பேரு குடியிருந்தாங்க" என்றாள். அம்மா உடனே, "எத்தன பேரு இருந்து என்ன, வாரிசு இருந்தாத்தான் வீடு. இல்லேன்னா இப்படித்தான், டிக்கெட் போட்டுச் சுத்திக் காட்டுவாங்க" என்றாள். அண்ணி சிரித்தார்கள். சொன்னேனே, அந்தச் சிரிப்பு.

ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரும் தலையில் வாங்கிக்கொண்டு, ஈரப்புடவையோடு பெண்கள் உடை மாற்றுகிற இடத்துக்கு வந்தோம். உங்களுக்கும் அதேதான் நடக்கப்போகிறது, மாற்றுப்புடவையை மேலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் பெரியம்மாவும் உள்ளே போய்விட்டார்கள். வெளியே நானும் அண்ணியும். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நான் பிளாஸ்டிக் உறையிலிருந்து ரெக்கார்டரை எடுத்தேன். எதையும் முறைப்படிதான் செய்வேன். முதலில் ஒப்புதல் படிவம்.

"கையெழுத்து எதுக்குடி? நீ கேட்டா நான் சொல்ல மாட்டேனா?"

"ஆய்வு நெறி அண்ணி. உங்க பேரு எங்கயும் வராது. நீங்க தகவலாளர் எண் பதினாலு."

"பதினாலா? எனக்கு முன்னாடி பதிமூணு பேரு அழுதுட்டாங்களா?" என்று சொல்லி, ஈரக் கையோடு போட்டார்கள். மை பரவிவிட்டது. பரவாயில்லை, செல்லும்.

வினாப்பட்டியலில் ஏழாவது கேள்வி, குழந்தை இல்லாததற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள். அண்ணி கொஞ்ச நேரம் தலைமுடியைப் பிழிந்துகொண்டே இருந்தார்கள். பிறகு, "மெஷின நிறுத்து பாரதி, சொல்றேன்" என்றார்கள்.

நான் ரெக்கார்டரைப் பையின் மேல் கவிழ்த்து வைத்தேன். நிறுத்திவிட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. கவிழ்த்து வைத்தேன். அவர்கள் நிறுத்திவிட்டதாக எடுத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

அண்ணி சொன்னதைச் சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். எழுத்தில் பெயர்க்க நாற்பது தடவை கேட்டிருக்கிறேன்.

"மூணு வருஷம் முன்னாடி ரிப்போர்ட் வந்துச்சு. எனக்கு ஒரு கொறையும் இல்ல. உங்கண்ணனுக்குத்தான். மருந்து மாத்திரைக்கு வழியில்லன்னு டாக்டர் ரெண்டு பேரையும் உக்கார வச்சே சொல்லிட்டாரு. திரும்பி வர்றப்ப பைபாஸ்ல வண்டிய நிறுத்திட்டு, அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் செத்துருவேன்னு அழுதாரு. உங்கண்ணன் அழுது நீ பாத்திருக்கியா? நான் பாத்தேன். என் மேலயே இருக்கட்டும் விடுங்க, எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிருச்சுன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவரு தத்தெடுக்க மனுவுல கையெழுத்துப் போட்டாரு. மூணு வருஷம் வரிசையில நின்னு, இப்பத்தான் ஒரு பிள்ளையக் காட்டியிருக்காங்க."

போனில் படம் காட்டினார்கள். ஒரு வருஷம் நாலு மாதம். பெண் குழந்தை. ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றது. இன்னும் பதினாறு நாளுக்குள் இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஒருத்தர் போடாவிட்டாலும் வரிசையில் அடுத்தவர்களுக்குப் போய்விடும் என்றார்கள். அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டேன்.

"அதுக்குத்தான இந்தப் பூசையே. சாஸ்திரிகள்ட்ட நேத்தே போன்ல பேசிட்டேன்" என்றார்கள். மறுபடியும் சிரிப்பு.

எப்படி இருக்கிறது பாருங்கள். எந்த மூடநம்பிக்கையால் ஏழு வருஷம் வதைபட்டார்களோ, அதையே வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பூசை முடிந்ததும் அந்த சாஸ்திரிகள் அம்மாவிடம் சொன்னார். "பிள்ளைன்னா பன்னிரண்டு விதம்னு சாஸ்திரம் சொல்றது. வயித்துல வர்றது ஒரு விதம். வாசல்ல வர்றதும் ஒரு விதம். உங்க வீட்டுக்கு வாசல் வழியாத்தான் வரணும்னு இருக்கு. வந்தா வேண்டாம்னு சொல்லிடாதேள்."

அம்மா கடற்கரை மணலில் அப்படியே விழுந்து கும்பிட்டாள். எழுந்து அண்ணியின் கன்னத்தைத் தொட்டாள். ஏழு வருஷத்தில் முதல் தடவை. அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான், தோள் குலுங்கியது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு படித்த பெண், குறையில்லாத பெண், பொய் சொல்லித் தாயாவதா.

மறுநாள் பழனி போகிற வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது கேட்டேன். "அண்ணி, பொய் மேல ஒரு குடும்பத்தைக் கட்டலாமா?"

"பிள்ளைக்குப் பால் ஆத்துறப்ப அதெல்லாம் ஞாபகம் வராது பாரதி."

"அப்ப உங்க சுயமரியாதை?"

"அத எங்கயும் போகாம நான் பாத்துக்கிறேன். நீ யார்ட்டயும் சொல்லிராத. பதினஞ்சே நாளு."

சரி என்றேன். சரி என்றால் கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். ஒப்புக்கொண்டேன் என்று எப்படி ஆகும்.

பழனியில் விஞ்ச் வரிசையில் முன்னால் நின்றவர்கள், பின்னால் நின்றவர்கள் எல்லாரிடமும் அம்மா, "அடுத்த வருஷம் பேத்தியோட வந்து மொட்டை போடுறோம்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பேத்தி என்று எப்படித் தெரியும் என்று பெரியம்மா கேட்டதற்கு, "எனக்குத் தோணுது" என்றாள். அண்ணன் அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குச் சிரிப்பு வந்தால் அப்படித்தான்.

கொடைக்கானலில் மேகம் இறங்கியிருந்தது. பெரியம்மா கையை நீட்டி நீட்டிப் பார்த்து, "என்ன இது, சாம்பிராணிப் புகை மாதிரி ஒண்ணும் சிக்க மாட்டேங்குது" என்று ஏமாந்து போனாள். ஏரிக்குப் பக்கத்தில் கம்பளிக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கேதான் அம்மா இந்த மஞ்சள் தொப்பியை எடுத்தாள். அளவு தெரியவில்லை. அண்ணன் அதை வாங்கி, கையை மடக்கித் தன் முஷ்டியில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சரியா இருக்கும்மா" என்றான். படத்தில் பார்த்த தலையை அவன் கை எப்படியோ அளந்து வைத்திருந்தது போல.

அதோடு விட்டிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கிறேன். அம்மா விடவில்லை. காசைக் கொடுத்துவிட்டு, கடைக்காரப் பெண்ணிடம் ஆரம்பித்தாள். "எம் மகன் மனசு யாருக்கு வரும். மலடியக் கட்டிக்கிட்டு, இன்னொருத்தியத் தேடாம, யாரு பெத்ததோ அத வளர்க்கச் சம்மதிக்கிறான் பாரு. இவ போன பிறவியில என்ன புண்ணியம் செஞ்சாளோ."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி சிரித்தார்கள்.

நீங்கள் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா.

"அம்மா, அந்த வார்த்தையைத் திருப்பி எடு" என்றேன்.

"எந்த வார்த்தைய?"

"மலடி."

"அடியே, இருக்கிறதத்தான சொன்னேன். சந்தோசமா இருக்கிற நேரத்துல உனக்கென்ன?"

"இருக்கிறது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

அண்ணி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்கள். வேண்டாம் என்று. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். கை சில்லென்று இருந்தது, கொடைக்கானல் குளிர். ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தங்களை ஒடுக்குகிறவர்களையே காப்பாற்றத் தோன்றும். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் அண்ணியின் பேச்சைக் கேட்டிருந்தால் படித்ததற்கு என்ன அர்த்தம். கையை உதறிக்கொண்டு ரெக்கார்டரை எடுத்தேன். நான் சொன்னால் வாய்ச்சண்டை என்பார்கள். ஆதாரம் பேசட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தேன்.

முதலில் வாளிகள் மோதுகிற சத்தம். அப்புறம், 'மெஷின நிறுத்து பாரதி, சொல்றேன்' என்று அண்ணியின் குரல். அப்புறம் மிச்சம். பைபாஸில் வண்டியை நிறுத்தியது வரை, அழுதது வரை, சாஸ்திரிகளிடம் போனில் பேசியது வரை. வேன் டிரைவர் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கடைக்காரப் பெண் கேட்டாள். பக்கத்துக் கடையில் ஸ்வெட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் கேட்டது.

அண்ணன் முஷ்டியிலிருந்து தொப்பியைக் கழற்றி, கசங்காமல், மற்றத் தொப்பிகளின் மேல் வைத்தான். ஏரிப்பக்கமாக நடந்து போனான். பத்தடியில் மேகம் மறைத்துவிட்டது. பெரியம்மா மட்டும், "காளி, சறுக்கும்டா, பாத்துப் போ" என்று கூப்பிட்டாள். அண்ணி பின்னாலேயே ஓடினார்கள். செருப்பு ஒன்று கழன்று கிடந்தது.

அம்மா என்னை அடித்தாள். இருபத்தாறு வயதுப் பெண்ணை, நாலு பேர் முன்னால். நான் திருப்பி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், வாதத்தில் ஜெயித்தது யார் என்று.

கடைக்காரப் பெண் தொப்பியைப் பையில் போட்டு நீட்டினாள். வாங்க ஆளில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

அண்ணி அவனை அழைத்துக்கொண்டு வந்து ஏற்றினார்கள். வேன் கீழே இறங்குகிற வரைக்கும், அத்தனை வளைவிலும், பெரியம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்து வாந்தியை அடக்கிக்கொண்டு வந்தாள். வத்தலக்குண்டு தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள். யாரைத் திட்டினாள் என்கிறீர்கள். அண்ணியை. பொய் ரிப்போர்ட் வாங்கி மூன்று வருஷமாகத் தன் மகனை மிரட்டி வைத்திருக்கிறாளாம், சாமி பேரைச் சொல்லி ஏமாற்றினாளாம். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒவ்வொன்றாக, தர்க்கமாக. அண்ணி, "பாரதி, போதும்" என்றார்கள். அவர்களுக்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் போதும் என்கிறார்கள்.

பெரியம்மா வாய் சும்மா இருக்குமா. ஒரு வாரத்தில் அச்சகத்தில் தெரிந்துவிட்டது. காலண்டருக்குத் தகரம் அடிக்கிறவர்கள் அண்ணன் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். அவன் அச்சகம் போவதையே விட்டான். கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். "எதுக்கு, அந்தப் பிள்ளையத் தூக்கிட்டுத் தெருவுல நடந்தா என் ரிப்போர்ட்டத் தூக்கிட்டு நடக்கிற மாதிரி" என்றானாம். அண்ணி தினமும் காலையில் அந்தக் காகிதங்களையும் பேனாவையும் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தினமும் அவன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறான். ஒருநாள் பேனாவை எடுத்து மூடி திறந்தானாம். அம்மா உள்ளே வந்தாளாம். வைத்துவிட்டானாம்.

பதினாறாவது நாள் போனது. குழந்தை வரிசையில் அடுத்தவர்களுக்குப் போய்விட்டது. மறுநாள் அண்ணி சாத்தூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பாருங்கள், இதில் குற்றவாளி யார். கையெழுத்துப் போடாதது அண்ணன். திட்டியது அம்மா. ஊரெல்லாம் சொன்னது பெரியம்மா. நான் செய்தது ஒன்றே ஒன்று, உண்மையைச் சொன்னது. என்னை மட்டும் வீட்டுக்கு வராதே என்கிறார்கள்.

அண்ணி ஒரே ஒரு தடவை போன் செய்தார்கள். சண்டை போடுவார்கள் என்று பதில் சொல்லத் தயாராக இருந்தேன். "சாப்பிட்டியா" என்று கேட்டார்கள். அப்புறம், "பாரதி, அந்தப் பதிவுல என் குரல அழிச்சிரு, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்கள். தரவை அழிக்க முடியாது, ஆய்வு என்ன ஆவது, அண்ணிக்குப் படிப்பு மேல் மரியாதை உண்டு, புரியும் என்று நினைத்து விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பேராவது வராதுல்ல?" என்றார்கள். வராது என்றேன். வைத்துவிட்டார்கள்.

வராது. ஆய்வேட்டில் ஊரைக்கூட மாற்றிவிட்டேன். நெறி என்றால் நெறிதான். என் நெறியாளர் அந்த இயலின் ஓரத்தில், 'அபூர்வமான தரவு' என்று பச்சை மையில் எழுதிக் கொடுத்தார். இப்படி இன்னும் பத்துப் பதினைந்து கிடைத்தால் போதும், நூலாகவே போடலாம் என்கிறார். அதனால்தான் மாதம் இரண்டு தடவை இந்த பஸ்.

தீர்ப்புச் சொல்வீர்கள் என்று பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறீர்கள்.

சரி, விடுங்கள். அதோ உங்கள் மருமகள் விழித்துக்கொண்டாள். நீங்கள் இங்கேயே இருங்கள், நான் முன்னால் போய்க் கொஞ்ச நேரம் அவளோடு உட்கார்கிறேன். ஏனம்மா, கையைப் பிடிக்கிறீர்கள். தொப்பியா. இது ஜன்னல் காற்றுக்காக. ரெக்கார்டரை வெறுமனே வைத்தால் இரைச்சல்தான் பதிவாகும், கம்பளி மாட்டினால் குரல் மட்டும் தெளிவாக விழுகிறது. அளவும் கச்சிதமாக இருக்கிறது பாருங்கள்.

இல்லை, அணைக்கவில்லை. மதுரையிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏறியதும் சொன்னீர்களே, உங்கள் மகன் டாக்டரிடம் வரவே மாட்டேன் என்கிறான், மருமகளுக்குத் தெரியாமல் ஏதோ மறைக்கிறான் என்று பயமாக இருக்கிறது என்று, அதெல்லாம் இருக்கிறது. கையெழுத்தை இறங்கும்போது போட்டால் போதும்.

பயப்படாதீர்கள் அம்மா, பெயர் எங்கேயும் வராது. நீங்கள் முப்பத்தொன்று. அவள் முப்பத்திரண்டு.